எந்தப் பயிர்ணே?

"இலை சுருளுதுண்ணே, ஒரு மருந்து குடுங்க." கன்னிவாடிப் பக்கம் உரக்கடையில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? பயிர் எது, வயசென்ன, போன வாரம் எதை அடித்தீர்கள் என்று அவர்தான் துருவ வேண்டும். 2004-இல் வந்த கிசான் அழைப்பு மையத்திலும் (1800-180-1551) முதலில் இதையெல்லாம் சொன்னால்தான் காரியம் நடக்கும். 'மருந்துப் புட்டியோடு வரும் தாளைப் படித்துவிட்டுக் கேள்' என்று நிபுணர்கள் சொல்வதும் நியாயமே. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் அதை வட்டார மொழியிலும் அச்சிடச் சொல்கின்றன. எழுத்தைப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்! படிக்காதவருக்கும் புட்டியின் மேல் நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம் இருக்கிறது: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. (பச்சை என்றால் இயற்கை மருந்து என்று நம்புகிறவர்களும் உண்டு, அதுவும் நஞ்சுதான்.) ஆனால், "எல்லாம் தாள்லயே போட்டிருக்கே" என்று சலித்துக்கொள்ளும் நிபுணரை நான் ஏற்கமாட்டேன். தாள் எக்டேர் கணக்கில் பேசுகிறது, விவசாயிக்குத் தெளிப்பான் டேங்க் கணக்கு. 500 லிட்டர் தண்ணீருக்கான அளவைத் தன் டேங்குக்குக் குறுக்கித் தரச் சொல்கிறவர் தாளைப் படித்தவர்தான். அவருக்காகக் கால்குலேட்டரை எடுப்பது கடைக்காரர் வேலை.