கம்பெனி மாற்றினால் புது மாடல்! மெக்கானிக் மாற்றினால் ஆறு மாதச் சிறையா?

போடியிலிருந்து முந்தல் வழியாக மேட்டுக்கு ஏறும் சாலையில் அதிகாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் பெண்களைச் சுமந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள் ஏறும். திரும்பி வரும்போது பின்பக்க சீட்டை மடக்கிவிட்டு ஏலக்காய் மூட்டை, மிளகு மூட்டை, தேயிலைப் பை என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு இறங்கும். பின்பாதியை வெட்டி 'பிக்கப்' தொட்டி அடித்த ஜீப்புகளும் உண்டு. பஸ் போகாத, லாரி ஏறாத தோட்டத்துப் பாதைகளில் நான்கு சக்கரமும் இழுக்கும் இந்தப் பழைய வண்டிகள்தாம் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம்!

இந்த வண்டிகளில் கம்பெனியிலிருந்து வந்த அதே இஞ்சின், அதே கியர் பாக்ஸ், அதே ஆக்சில் மூன்றும் சேர்ந்தே இருக்கிற வண்டி எத்தனை தேறும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். முப்பது வருடத்து வண்டியை வேறு எப்படி ஓட்டுவது? இஞ்சின் போனால் பழைய பொலீரோ ஒன்றைப் பிரித்து அதன் இஞ்சினை இறக்கி ஏற்றுகிறார்கள். கியர் பாக்ஸ் போனால் இன்னொன்று. பெல் ஹவுசிங் ஒட்டவில்லையா? லேத் பட்டறையில் தகடு கடைந்து ஒட்டவைக்கிறார்கள். பட்டை தளர்ந்தால் ஒரு தகடு கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பள்ளிக்கூடப் படிப்பு முடிக்காத பையன்கள், மலைப் பாதைக்கு எந்தப் பல்சக்கரம் தாங்கும் என்பதைக் கைப்பழக்கத்தில் கற்றுவைத்திருக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் குற்றவாளிகள்!

நாம் மிகைப்படுத்தவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. புத்தக விவரம் ஆகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019இல் நாடாளுமன்றம் இன்னொரு ஆணியும் அடித்தது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! 'மாற்றம் ஒன்றுக்கு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இஞ்சினுக்கு ஐயாயிரம், கியர் பாக்ஸுக்கு ஐயாயிரம், பின்தொட்டிக்கு ஐயாயிரம், டயருக்கு ஐயாயிரம்... ஏலக்காய் மூட்டை இறக்குகிறவன் எத்தனை நடை அடித்தால் இது மிஞ்சும்?

அதே 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. மாநில விதி என்ன சொன்னாலும் 52வது பிரிவே மேலானது, கம்பெனி வகுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். நீதிபதிகளை நாம் குறை சொல்லவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள். எழுதியவர்களைத்தான் கேட்கிறோம்.

முன்பு இப்படி இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 1988 சட்டம் முதலில் வந்தபோது, பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து அவர் சம்மதம் பெற்றால் மாற்றம் செய்யலாம் என்றுதான் அதே 52வது பிரிவு இருந்தது. பெட்ரோல் குடித்துத் தீர்த்த ஜீப்புகளில் டீசல் இஞ்சின் ஏற்றி, ஆர்.சி.யில் எழுதி வாங்கிக்கொண்டு கவுரவமாக ஓட்டிய டிரைவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தக் கதவைச் சாத்தியது. கதவு சாத்தப்பட்டதால் இஞ்சின் மாற்றுவது நின்றுவிட்டதா? இல்லை. எழுதி வாங்குவது மட்டும் நின்றது. அன்று வெளிச்சத்தில் நடந்த வேலை இன்று இருட்டில் நடக்கிறது. இருட்டில் நடக்கிற வேலைக்கு யார் யாருக்கு மாமூல் போகும் என்பதை நாம் எழுதித்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஜீப்பின் பூர்வீகம்

'கம்பெனி வகுத்த அமைப்பு' என்கிறார்களே, அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? ஜீப்பின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்காக பான்டம் என்ற சிறிய கம்பெனி முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பெருமளவில் செய்ய அந்தக் கம்பெனியால் முடியாது என்று சொல்லி அதன் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தார்கள். இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. அவற்றின் சிறப்பே, வில்லிஸ் பாகம் ஃபோர்டில் சேரும், ஃபோர்டு பாகம் வில்லிஸில் சேரும் என்பதுதான். போர்க்களத்தில் உடைந்த இரண்டு ஜீப்பிலிருந்து ஓடுகிற ஒரு ஜீப்பைச் சிப்பாய்கள் உருவாக்க முடிந்தது. பாகம் மாற்றுவதற்கென்றே பிறந்த வண்டி இது!

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்த கம்பெனி 1945இல் தொடங்கியபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்'. பங்குதாரர் குலாம் முஹம்மத் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகவும், பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் முஹம்மத் போய் இன்னொரு மஹிந்திரா வந்தது. 'எம் அண்ட் எம்' என்ற சுருக்கெழுத்து மட்டும் அப்படியே நின்றது. பெயரிலேயே ஒரு பார்ட் மாற்றம்!

வண்டியிலும் அப்படித்தான். அமெரிக்க வில்லிஸ் உடலில் அமெரிக்கப் பெட்ரோல் இஞ்சின் வந்தது. டீசல் வேண்டும் என்றபோது டிராக்டருக்கென்று இருந்த இன்டர்நேஷனல் டீசல் இஞ்சினையே ஜீப்பில் ஏற்றினார்கள். 1980களில் பிரான்சின் பெஜோ கம்பெனியிடம் உரிமம் பெற்று 2112 சி.சி. டீசல் இஞ்சின் எம்.எம்.540இல் வந்தது. பிறகு இரண்டரை லிட்டர். ஒரே சேசிஸ் பரம்பரையில் டிராக்டர் இஞ்சின், பிரெஞ்சு இஞ்சின், விதவிதமான கியர் பாக்ஸ்கள். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல வேலை. இருப்பதை வைத்து இந்தியச் சாலைக்கு ஏற்றபடி செய்தார்கள். நாம் கேட்பதெல்லாம், தொழிற்சாலைக்குள் நடந்தால் 'புது மாடல்' என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம், போடியிலோ கம்பத்திலோ தகரக் கொட்டகைக்குள் நடந்தால் ஆறு மாதச் சிறை என்பது எப்படி நியாயமாகும்?

தொழிற்சாலையில் சோதனை செய்கிறார்களே என்பீர்கள். உண்மை. அப்படியானால் கொட்டகையில் செய்ததையும் சோதித்துப் பாருங்கள் என்றுதானே சொல்கிறோம்! சோதிக்கவே மாட்டோம், சோதனைக்கு விண்ணப்பிக்க வழியும் வைக்க மாட்டோம், பிடித்தால் தண்டிப்போம் என்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

பத்து வண்டி முதலாளிக்கு மட்டும்

இதே 52வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்தால் இரத்தம் கொதிக்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவருக்கு, பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமலேயே அதே கம்பெனியின் அதே ரக இஞ்சினை மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிப்புச் செய்து அதிகாரம் கொடுக்கலாமாம். மாற்றிவிட்டுப் பிறகு தெரிவித்தால் போதும். ஒரே ஒரு ஜீப்பை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன்? அவன் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். பத்து வண்டி இருந்தால் நாணயஸ்தன், ஒரு வண்டி இருந்தால் சந்தேகப் பேர்வழி! சட்டப் புத்தகத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

சரி, அதே ரக இஞ்சினையே தேடிப் போடலாம் என்றால் அது எங்கே கிடைக்கும்? கம்பெனி அந்த இஞ்சினைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. சென்னை புதுப்பேட்டையிலும் காயலான் கடைகளிலும் தேய்ந்து கிடக்கிற ஒன்றை எடுத்து, போர் போட்டு, லைனர் பிஸ்டன் மாற்றித்தான் ஓட்ட வேண்டும். (காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். நாட்டின் பாதி வண்டிகளை உயிரோடு வைத்திருந்த அந்த வியாபாரத்தைக் கேலிச் சொல்லாக்கிவிட்டார்கள்.) புகை கக்கும் அந்தப் பழைய ரகத்தை மறுபடி போட்டால் சட்டப்படி சரி. பி.எஸ்.3 காலத்தில் வந்த, புகை குறைந்த இஞ்சினைப் போட்டால் குற்றம். அதே மஹிந்திரா இஞ்சினாக இருந்தாலும் குற்றம், ஏனென்றால் ரகம் வேறு! இஞ்சினையே கழற்றிவிட்டு அங்கீகரிக்கப்பட்ட பேட்டரி மோட்டார் பொருத்தினால், அல்லது எரிவாயு கிட் மாட்டினால், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. கிட் விற்கும் கம்பெனிகளுக்கு ஒரு வழி, லேத் பட்டறைக்கு ஒரு வழி.

உதிரிப் பாக விஷயத்தில் கம்பெனிகள் எப்படி நடந்துகொண்டன என்பது ரகசியமல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022இல் மத்திய அரசே 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டது. அதன் பட்டியலில் மோட்டார் வாகனமும் உண்டு. ஒரு அமைச்சகம் பழுது பார்ப்பது நுகர்வோரின் உரிமை என்கிறது. இன்னொரு அமைச்சகத்தின் சட்டம் பழுது பார்த்தவனைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறது. இரண்டு பேரும் டெல்லியில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

'பழசை உடைத்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு' என்பது 2021இல் வந்த வாகன அழிப்புக் கொள்கை. பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும் என்றார்கள். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு நாற்பதோ அறுபதோ ஆயிரம். மீதிக்கு? பைனான்ஸ்காரன் வாசலில்தான் நிற்க வேண்டும். உடைக்க மனமில்லாதவர்களுக்குக் கட்டணச் சாட்டை. சொந்த உபயோகத்துக்கான ஜீப், கார்களுக்குப் பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆனது.

பிரேக்கையும் பேசுவோம்

எல்லா மாற்றமும் நல்லது என்று நாம் வாதாட வரவில்லை. பழைய டிரம் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதிக சக்தி இஞ்சினை ஏற்றுவது கொலைக்குச் சமம். ஏறும்போது சுகமாகத்தான் இருக்கும். இறக்கத்தில்தான் தெரியும். யானைக் கால் போல டயர் மாட்டி, வண்டியை ஓரடி உயர்த்தி, நகரத்து மேம்பாலத்தில் படம் பிடித்துக்கொள்ளும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாம் வக்கீல் இல்லை. அந்த உயரத்தில் வண்டி வளைவில் கவிழும். திருட்டு வண்டி இஞ்சினில் எண்ணைத் தட்டி மாற்றுகிறவர்கள் உள்ளே போகட்டும். எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினெட்டுக் கூலிப் பெண்களைத் திணிக்கும் தோட்டத்துக் கங்காணிகளையும் பிடியுங்கள். அது பார்ட் மாற்றமே இல்லாத புது வண்டியிலும் நடக்கிற அக்கிரமம்.

ஆனால் டிரம்மைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டவனையும், டயரைப் பெருக்கிப் படம் எடுத்தவனையும் ஒரே பிரிவில் நிறுத்துகிற சட்டத்தை எப்படி ஏற்பது? அதிகாரி நினைத்தால் இரண்டுமே 'மாற்றம்'தான்!

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் பல ஆண்டுகள் ஒரு புள்ளிக் கணக்கு நடந்தது. சேசிஸுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் பதினான்கில் எட்டுப் புள்ளி பழைய பாகமாக இருந்தால் பழைய நம்பரே தொடரும். இங்கே சிறை வரை போகிற இஞ்சின் அங்கே ஒரு புள்ளி! ஆஸ்திரேலியாவில் பழைய டொயோட்டா பிக்கப்புக்கு வேறு இஞ்சின் ஏற்றினால், அங்கீகாரம் பெற்ற இஞ்சினியர் பிரேக்கையும் எடையையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறார். கலிஃபோர்னியாவில், ஏற்றும் இஞ்சின் வண்டியின் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும், புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் சேர்ந்து வர வேண்டும் என்று விதி. அதாவது, மாற்றினால் முன்னேறித்தான் மாற்ற வேண்டும்!

இதை இங்கே செய்ய என்ன தடை? அதே 52வது பிரிவிலேயே, குறிப்பிட்ட நோக்கத்துக்காக விலக்கு அளிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. மலைப்பகுதி வண்டிகளுக்கு அந்த விலக்கைக் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு சோதனை நாள் வையுங்கள். பாலிடெக்னிக் ஆசிரியரையும், மோட்டார் வாகன ஆய்வாளரையும், ஒரு மூத்த மெக்கானிக்கையும் உட்கார வையுங்கள். பிரேக் பிடிக்கிறதா, புகை அளவில் இருக்கிறதா, வெல்டிங் நிற்கிறதா என்று பார்த்து ஆர்.சி.யில் எழுதிக் கொடுங்கள். தேறாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. மலைத் தொகுதிகளிலிருந்து போன சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்காக ஒரு முறையாவது எழுந்து நின்றார்களா? ஓட்டுக் கேட்க அந்த மேட்டுக்கு இவர்கள் ஏறியதே இந்த ஜீப்புகளில்தான்!

போடிப் பக்கம் நாம் சந்தித்த டிரைவர் ஒருவர் தன் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றைக் காட்டினார். அவர் ஜீப்போடு பிறந்த பழைய பெஜோ இஞ்சின். வண்டியில் ஓடிக்கொண்டிருப்பது பொலீரோ இஞ்சின். வருடம் ஒரு முறை எஃப்.சி. வரும்போது நல்ல இஞ்சினை இறக்கிவிட்டு, புகைகிற இந்த இஞ்சினை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார். முத்திரை வாங்கி வந்ததும் மறுபடி மாற்றுகிறார். ஏற்றி இறக்க நான்கு நாள் கூலியும் போகிறது, நான்கு நாள் ஓட்டமும் போகிறது. "நல்ல இஞ்சினைக் கொண்டுபோனாத்தான் பாய் பெயிலாக்குறாங்க" என்றார். அடுத்த எஃப்.சி. மார்ச் மாதம். பழைய இஞ்சினுக்கு இப்போதே எண்ணெய் ஊற்றிச் சுற்றிவைக்க ஆரம்பித்துவிட்டார்.