ஐம்பது படம் எடுத்த சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்பத்தூரிலோ ஆவடியிலோ எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். சாப்பாட்டு வேலை ஒழிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பாட்டி சுவரோரமாகத் தலையணையைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். தொலைக்காட்சியில் 'படையப்பா' ஓடுகிறது. தம்பியாக வளர்ந்தவன் அண்ணனிடம் சொத்தில் பங்கு கேட்டு வந்து நிற்கிறான். அண்ணனாக வரும் சிவாஜி கணேசன், சொத்தைப் பிரிக்க மனமில்லாமல் முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்படுகிறார். "நாசமாய்ப் போக! ஒரே வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன் செய்கிற காரியமா இது?" என்று பாட்டி எழுந்தே உட்கார்ந்துவிடுகிறாள்.

ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் உண்டா?

"யார் பாட்டி அவர்?" என்று பேரன் கேட்கிறான்.

"அவரா? எல்லாப் படத்திலும் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ வருவாரே, அவர்தான்!"

அவர் பெயர் மணிவண்ணன். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர். அது பாட்டிக்குத் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். ஆனால் அந்தச் சித்தப்பா, தானே ஐம்பது படங்களை டைரக்ட் செய்தவர் என்று சொன்னால், பாட்டி மட்டுமல்ல, பேரனும் நம்பமாட்டான். தமிழ் சினிமாவில் ஐம்பது படங்களுக்குப் பொறுப்பேற்ற ஒருவர் நம் மனத்தில் துணைப் பாத்திரமாகவே தங்கிவிட்டாரே, இது அவருக்கு நஷ்டமா, லாபமா? இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நமக்கு அவர் அப்படியொன்றும் தூரத்து மனிதரும் அல்ல. சினிமாக்காரர்கள் என்றால் தியாகராய நகர் என்றிருந்த காலம் ஒன்று. பிறகு அந்த உலகம் வடபழனி, சாலிக்கிராமம் என்று மேற்கே நகர்ந்து, இன்றைக்குப் பூந்தமல்லியையும் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் படப்பிடிப்பு அரங்குகள் போடும்வரை வந்துவிட்டது. மணிவண்ணன் குடியிருந்ததும் நெசப்பாக்கத்தில்தான். பரங்கிமலை–பூந்தமல்லி சாலையிலிருந்து அதிக தூரமில்லை. பூந்தமல்லி பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பழக்கமான வட்டாரம்.

பிறந்தது கோயமுத்தூருக்குப் பக்கத்தில் சூலூர். 1954-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி. கோவையில் கல்லூரியில் படிக்கும்போது, உயரமான ஒரு பையன் சிநேகிதனானான். பிற்காலத்தில் நாம் சத்யராஜ் என்று அறிந்துகொண்ட அதே பையன்தான். இருவருக்கும் நாட்டம் சினிமாவில்.

1978-ல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' வெளிவந்தது. படம் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மணிவண்ணனோ உட்கார்ந்து டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது நூறு பக்கத்துக்கு மேல் போயிற்றாம்! பத்திரிகைக்கு வரும் இரண்டு பக்கக் கடிதத்தையே முழுக்கப் படிக்கப் பொறுமை வேண்டியிருக்கிறது. நூறு பக்கத்தைப் படித்த பாரதிராஜாவுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். படித்ததோடு நில்லாமல், எழுதியவரைக் கூப்பிட்டு உதவியாளராகவும் சேர்த்துக்கொண்டார்.

குருகுல வாசம் நீண்ட காலம் இல்லை. 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு மணிவண்ணன் கதை வசனம் எழுதினார். படம் ஓடவில்லை. முதல் முயற்சி கவிழ்ந்தவுடன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்கள் கோடம்பாக்கத்தில் எத்தனையோ பேர். இவர் திரும்பவில்லை. குருவும் கைவிடவில்லை. அடுத்த வருஷமே 'அலைகள் ஓய்வதில்லை' வந்து ஊரெல்லாம் பேசிக்கொண்டது. 1982-ல் மணிவண்ணன் டைரக்டராகிவிட்டார்.

முதல் படம், 'கோபுரங்கள் சாய்வதில்லை'. பி. கலைமணியின் கதை. சகோதரிகள் பலருக்கு நினைவிருக்கும். எண்ணெய் வழியும் தலையும் வெகுளிப் பேச்சுமாக அருக்காணி என்ற கிராமத்துப் பெண். அந்த வேஷத்தில் சுஹாசினி. தகப்பனாருக்குப் பயந்து அவள் கழுத்தில் தாலி கட்டிய படித்த மாப்பிள்ளை மோகன். கட்டிய பின் அவளைத் திரும்பிப் பார்க்கவும் மனமில்லாமல், பெங்களூருக்கு மாற்றலாகிப் போய், கல்யாணமாகாதவன் என்று சொல்லி நாகரிகமான இன்னொரு பெண்ணை மணந்துகொள்கிறான். அந்த வேஷத்தில் ராதா. பின்னால் அருக்காணி அங்கே வந்து சேரும்போது, புருஷன் வீட்டிலேயே வேலைக்காரியாக நிற்க வேண்டியதாகிறது.

இந்தக் கதையைப் பற்றி எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. அருக்காணிக்குத் தலை வாரி, புடைவை மாற்றி, பேச்சைத் திருத்தினால்தான் அவள் மனைவியாகும் தகுதி பெறுவாளா? திருத்த வேண்டியது யாரை? பொய் சொல்லி இரண்டு பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்தவனை அல்லவா? ஆனாலும் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். படத்தின் ஆரம்பத்தில் அருக்காணியைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம். நேரம் போகப் போக, ஏனடா சிரித்தோம் என்று நம்மையே வெட்கப்பட வைத்துவிடுகிறார் டைரக்டர். முதல் படத்திலேயே இது வந்துவிட்டது. 1983-ல் தெலுங்கிலும் 1986-ல் ஹிந்தியிலும் இதே கதையை எடுத்தார்கள். ஹிந்தியில் அருக்காணி வேஷம் நம் ராதிகாவுக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு படங்கள் மழையாகக் கொட்டின. 1984 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 'நூறாவது நாள்', '24 மணி நேரம்', 'ஜனவரி 1', 'அம்பிகை நேரில் வந்தாள்' என்று படத்தின் மேல் படம். 'நூறாவது நாள்' படத்தில் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்து குழந்தைகளைத் தூங்கவிடாமல் அடித்தது, பழைய கல்லூரி சிநேகிதர் சத்யராஜ். அவரையே 1987-ல் 'சின்னத்தம்பி பெரியதம்பி' படத்தில் பிரபுவோடு நிறுத்தி, குடும்பங்கள் சிரித்து ரசிக்கும்படி செய்தார் மணிவண்ணன். அதே ஆண்டு 'ஜல்லிக்கட்டு' படத்தில் சிவாஜி கணேசனையும் சத்யராஜையும் சேர்த்து வைத்து டைரக்ட் செய்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஐம்பதும் முத்துக்கள் என்று சொன்னால் அது முகஸ்துதி. இவ்வளவு வேகமாக எடுக்கிறவர் கையில் சில சரக்குகள் அரைவேக்காடாகத்தான் இறங்கும். ஆனால் பேய்ப்படம் மாதிரி திகில், அழுகை, கிராமத்துச் சிரிப்பு, அரசியல் கிண்டல் என்று இத்தனை ருசிகளைச் சமைக்கத் தெரிந்த டைரக்டர்கள் அந்த நாளில் அதிகம் பேர் இல்லை.

1988-ல் ஒரு திருப்பம். பாரதிராஜா, ரஜினிகாந்தை வைத்து 'கொடி பறக்குது' எடுத்தார். அதில் வில்லன் வேஷத்துக்குத் தம் பழைய சிஷ்யரையே நிறுத்தினார். அன்றைக்குப் பூசிய அரிதாரம் இருபத்தைந்து ஆண்டுகள் கலையவில்லை.

இங்கே நம் சகோதரிகள் தொழில் ரகசியம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டைரக்டர் வேலை கல்யாணம் நடத்துவது போல. கதை பிடிப்பதிலிருந்து, கடைசிப் பிரதி வெளியே போகும்வரை அத்தனை தலைவலியும் ஒருவர் தலையில். வருஷத்துக்கு இரண்டு கல்யாணம் நடத்தினாலே பெரிய காரியம். குணசித்திர நடிகருடைய வேலையோ சமையலுக்கு வருகிற கைதேர்ந்த ஆளைப் போல. இந்தப் படத்துக்கு ஐந்து நாள் கால்ஷீட், அந்தப் படத்துக்கு எட்டு நாள் என்று பிரித்துக் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஒரு கதாநாயகிக்கு அப்பா. வியாழக்கிழமை இன்னொரு கதாநாயகனுக்கு விரோதி. நானூறு படம் என்ற கணக்கு இப்படித்தான் ஏறுகிறது.

ஆனால் கணக்கு ஏறுவதாலேயே மதிப்பு ஏறிவிடாது. துணை நடிகர் செய்ய வேண்டிய வேலை என்ன? கதாநாயகர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாலும். கேட்கிறவன் முகத்தில் ஒன்றும் அசையாவிட்டால், பேசுகிறவன் எவ்வளவு கத்தினாலும் வீண். இதை நன்றாக உணர்ந்தவர் மணிவண்ணன். எப்படி உணர்ந்தார்? ஐம்பது படங்களில் காமிராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களிடம் அதைத்தானே கேட்டுக் கேட்டு வாங்கினார்!

1994-ல் அவர் டைரக்ட் செய்த 'அமைதிப்படை'யைப் பாருங்கள். கோயிலில் உடைக்கும் தேங்காயைப் பொறுக்கிப் பிழைக்கும் அமாவாசையைத் தேர்தலில் நிற்க வைக்கிறார் ஓர் அரசியல்வாதி. அந்த அரசியல்வாதி வேஷத்தில் மணிவண்ணன், அமாவாசை, சத்யராஜ். ஓட்டு எண்ணிக்கை நடக்கிறது. நாற்காலியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அமாவாசை, தன் ஓட்டு ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, சாய்ந்து, கடைசியில் முழு நாற்காலியையும் நிறைத்துக்கொண்டு உட்கார்கிறான். எதிரே எஜமானனின் முகம் என்ன பாடுபடுகிறது! எல்லோரும் சத்யராஜைத்தான் புகழ்ந்தார்கள். நியாயந்தான். ஆனால் இன்னொரு முறை பார்க்கும்போது நாற்காலியை விட்டுவிட்டு எதிரே நிற்பவரைப் பாருங்கள். அமாவாசை எவ்வளவு உயர்ந்துவிட்டான் என்பதை நமக்கு அளந்து சொல்வது அந்த முகந்தான். படத்தின் டைரக்டரே தமக்கு எடுத்துக்கொண்ட பங்கு அது.

1996-ல் 'அவ்வை சண்முகி'யில் மாமி வேஷத்தில் வரும் கமல்ஹாசனிடம் மனத்தைப் பறிகொடுக்கும் வீட்டுக்கார முதலியாரை மறக்க முடியுமா? அதே ஆண்டில் 'உள்ளத்தை அள்ளித்தா' படத்தில் இரட்டை வேஷம். அந்தப் படத்தின் டைரக்டர் சுந்தர். சி, மணிவண்ணனிடம் உதவியாளராக இருந்தவர். நேற்றுவரை தம்மிடம் கைகட்டி நின்ற பையன், "சார், இன்னொரு தரம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று சொல்லும் இடத்தில், "சரியப்பா" என்று நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்? நம் வீடுகளில், நேற்று வந்த மருமகள் சொல்கிற பக்குவத்தில் ரசம் வைக்கச் சம்மதிக்கிற மாமியார்கள் எத்தனை பேர்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

1999-ஐ எடுத்துக்கொண்டால் அவருடைய வீச்சு புரியும். 'படையப்பா'வில் சொத்துக்காக அண்ணனை வெளியேற்றும் தம்பி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் 'ஜல்லிக்கட்டு' படத்தில் எந்த சிவாஜியை டைரக்டர் என்ற முறையில் இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாரோ, அதே சிவாஜியின் எதிரில் இப்போது சக நடிகராக நிற்கிறார். 'முதல்வன்' படத்தில் அதற்கு நேர்மாறு. ஒரு நாள் முதலமைச்சராக வரும் இளைஞனுக்குப் பக்கபலமாக நிற்கும் யோக்கியமான உத்தியோகஸ்தர். 'சங்கமம்' படத்தில் இவை இரண்டும் இல்லை. சாஸ்திரிய நடனக்காரர்களின் ஏளனத்துக்கு நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் கிராமியக் கலைஞர். பேராசைக்காரன், நேர்மையாளன், மானஸ்தன் என்று ஒரே வருஷத்தில் மூன்று மனிதர்கள். ஒருவரைப் பார்க்கும்போது மற்றவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

நானூறிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். அரைத்த மாவையே அரைத்த வேஷங்களும் உண்டு. அங்கேகூட, அந்தக் கொங்குநாட்டுப் பேச்சும், சிரிக்காமல் சிரிக்க வைக்கும் தோரணையும் கைகொடுத்தன.

நடிப்பு பெருகப் பெருக டைரக்ஷன் குறைந்தது. 2001-ல் 'ஆண்டான் அடிமை' எடுத்தார். பிறகு நெடுங்காலம் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. இடையில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்து, நடமாட்டமே சிரமமாகிப் போயிற்று. ஆனால் கணக்கு நாற்பத்தொன்பதில் நின்றிருந்தது. அரை சதத்துக்கு ஒன்று குறைவு.

உடம்பு முடியாத நிலையிலும் அந்த ஒன்றை அவர் விடவில்லை. 'அமைதிப்படை'யின் தொடர்ச்சியாக 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' படத்தை எழுதி, டைரக்ட் செய்து, பழைய சிநேகிதர் சத்யராஜுக்குப் பக்கத்தில் தாமும் நடித்தார். 2013 மே மாதம் படம் வெளிவந்தது. முதல் 'அமைதிப்படை' அளவுக்கு அது அமையவில்லை என்பது என் எண்ணம். ஆனால் எண்ணிக்கை ஐம்பது நிறைந்துவிட்டது. அடுத்த மாதம், ஜூன் 15-ம் தேதி, நெசப்பாக்கம் வீட்டில் மாரடைப்பால் மணிவண்ணன் காலமானார். வயது ஐம்பத்தெட்டுதான்.

நஷ்டமா, லாபமா என்று கேட்டோமே? டைரக்டரின் பெயர் படத்தின் ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் திரையில் வந்து மறைந்துவிடுகிறது. அருக்காணிக்காகக் கண்ணீர் விட்டவர்களில், அந்தக் கண்ணீரை வரவழைத்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. சித்தப்பாவைத் திட்டியவர்களோ ஊர் முழுக்க. பெயர் தெரியாமலே ஒருவரை வீட்டு மனிதராக்கிக்கொள்வது நம் ஜனங்களின் வழக்கம். அதை நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பேரன் கேட்கும்போது, பாட்டிமார்கள் இனிமேல் பெயரையும் சேர்த்துச் சொல்லிவைத்தால் நல்லது. அருக்காணியும் அமாவாசையும் அந்தச் சித்தப்பா கொடுத்துவிட்டுப் போன சொத்துக்கள்தாம். சினிமாவில் பங்கு கேட்டு வாங்கினவர், நிஜத்தில் நமக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.