அச்சத்துக்கு மருந்து, அடிமைத்தளைக்கு யார் பொறுப்பு?



நள்ளிரவில் நெஞ்சு படபடக்கிறது, கைகள் நடுங்குகின்றன, காரணம் புலப்படாத அச்சம் கழுத்தை நெரிக்கிறது. இந்நிலையில் உழல்வோரைக் கண்டு, "தைரியமாய் இரு!" என்று உபதேசம் புரிந்துவிட்டுப் போவோர் பலர். தைரியம் இல்லாததால் வருவதன்று இது. இது நோய். நோய்க்கு மருந்து வேண்டும். அம்மருந்து நோயினும் கொடிய தளையாகிவிடக் கூடாது. மருந்து வணிக வேந்தர்கள் செவிமடுக்க மறுப்பது இந்தக் கோரிக்கையைத்தான்!

வரலாற்றைப் பாருங்கள். 1957-இல், அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஹாஃப்மன்-லா ரோஷ் என்னும் சுவிஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்தபோது, லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியல் அறிஞர் முன்பே ஆக்கி, கவனிப்பாரற்றுக் கிடந்த பொருளொன்று சோதனைக்குச் சென்றது. அதுவே 1960-இல் லிப்ரியம் என்ற பெயருடன் கடைக்கு வந்தது. 1963-இல் வாலியம் தொடர்ந்தது. அளவு மீறினால் உயிரைப் பறித்த பழைய பார்பிட்யூரேட் மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை. அந்த அறிஞரின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை.

பிறகு நடந்தது என்ன? மாதக்கணக்கில் விழுங்கியோர் மாத்திரையை விட முனைந்தபோது, மாத்திரை அவர்களை விடவில்லை! உறக்கம் கெட்டது, நடுக்கம் மிகுந்தது, சிலருக்கு வலிப்பும் வந்தது. 1979-இல் அமெரிக்க செனட் சபையில் எட்வர்ட் கென்னடி விசாரணை நடத்தினார். 1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவை கூடாது என்றது. அமெரிக்க அரசு மாத்திரை உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையை விரிவாக்கி, பழக்கத்தையும் அடிமைப்படுதலையும் விடும்போது வரும் வேதனையையும் எழுதச் சொன்ன ஆண்டு எது தெரியுமா? 2020! விற்பனை விரைந்து வந்தது. எச்சரிக்கையோ அறுபது ஆண்டுகள் நடந்து வந்தது!

விலைக் கதையையும் கேளுங்கள். 1973-இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையம் கணக்கேட்டைப் புரட்டியது. லிப்ரியத்தின் மூலச்சரக்கு கிலோ 370 பவுன். வாலியத்தினுடையது 922 பவுன். தாய் நிறுவனம் தன் பிரிட்டிஷ் கிளைக்கே போட்ட விலை இது! மருந்துக்குக் காப்புரிமை இல்லாதிருந்த இத்தாலியில் அவையே 9 பவுனுக்கும் 20 பவுனுக்கும் கிடைத்தன. "ஏன் இந்த விலை?" என்றதும், "ஆராய்ச்சிச் செலவு" என்று விடையிறுத்தனர். ஆணையம் அதை ஏற்காமல், விலையை வெட்டச் சொன்னது.

"விலையில் கை வைத்தால் ஆராய்ச்சி அழியும்" என்று அஞ்சவைப்போர் இன்றும் உளர். அவர்களைக் கேட்கிறோம்: ஆராய்ச்சி எங்கே?

வழி தெரியாமல் இல்லை. மூளையில் காபா என்னும் பொருள் நரம்புகளின் கொந்தளிப்பைத் தணிக்கிறது. இம்மாத்திரைகள் அதன் ஆற்றலைப் பெருக்குகின்றன. காபா பற்றும் ஏற்பிகளில் ஒருவகை உறக்கத்தைத் தருகிறது, வேறொருவகை அச்சத்தைத் தணிக்கிறது என்று சூரிச் அறிஞர்கள் எலிகளில் 1999-இலும் 2000-இலும் காட்டினர். இரண்டாவதை மட்டும் தொடும் மருந்து கிட்டினால், மயக்கமின்றி அமைதி பெறலாம். முயன்றனர், சில மருந்துகள் சோதனையில் சறுக்கின. உண்மைதான். சறுக்கியவன் எழுந்து நடக்க வேண்டாமா? 2010-இல் அஸ்ட்ராஜெனிக்கா மனப்பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் புதுமருந்து தேடும் பணியையே கைவிட்டது. 2018-இல் ஃபைசர் நரம்பியல் மருந்துத் தேடலை மூடியது. 1986-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பஸ்பிரோன் அடிமைப்படுத்துவதில்லை. ஆயினும் பலன் தர வாரக்கணக்காகும். அதனினும் சிறந்ததைத் தேடும் வேலையை இலாபக் கணக்குப்பிள்ளையிடம் விட்டால், கணக்கு ஒத்துவராத நாளில் அவன் கதவைச் சாத்துவான். சாத்தியும் விட்டான்!

ஆகவே நாம் கோருவது இது: பொதுப்பணத்தில் தொடர்ந்து ஆராய்ச்சி நடக்கட்டும். வெற்றியோ தோல்வியோ, சோதனை முடிவு ஒவ்வொன்றும் வெளிவரட்டும். பொதுப்பணத்தில் பிறக்கும் மருந்தின் உரிமை மக்களுக்கே இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, மாத்திரை உண்பவர் எவரும் அதைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் துணையுடன் சிறுகச் சிறுகக் குறைப்பதே முறை. நம் சினம் மாத்திரையின்மீது அன்று. அச்சத்தை விலைபேசியவர்மீது, விற்று முடிந்ததும் நோயாளியைக் கைவிட்டவர்மீது!