கன்று வீசிய மாடும் கட்டுத்தறி கூட்டும் கைகளும்

நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் மாடு கன்று வீசிவிட்டால் முதலில் ஆள் அனுப்புவது மாட்டு டாக்டருக்கு அல்ல, காலனிக்குத்தான். செத்து விழுந்த கன்றைத் தூக்க வேண்டும், உள்ளே தங்கிப்போன நஞ்சுக்கொடியை எடுக்க வேண்டும், கட்டுத்தறியைக் கழுவிவிட வேண்டும். கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டு வருவதும் பெரும்பாலும் அதே ஆள்தான். கையுறை என்ற பேச்சே கிடையாது. இதற்கென்று தனிக் கூலியும் கிடையாது. தினமும் சாணி அள்ளுகிற வேலையோடு சேர்ந்துபோகிற வேலை இது.

போன வருடம் இப்படி ஒரு கட்டுத்தறியில் வேலை பார்த்த ஓர் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மூன்று மாதம். ராத்திரியில் புடவை நனைகிற அளவுக்கு வேர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. டைபாய்டு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மூட்டுவாதம் என்றார்கள். உடம்பு வணங்காமல் படுத்துக் கிடக்கிறாள் என்று மாட்டுக்காரர் வீட்டில் பேசினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவர் தற்செயலாகத்தான் கேட்டார்: "அவங்க மாட்டு வேலை பார்க்கிறாங்களா? அந்த மாடு கன்னு வீசுச்சா?" அதுவரை எந்த மருத்துவரும் இதைக் கேட்கவில்லை. சமூகவியல் படித்த நாங்களும் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் புருசெல்லா என்று வந்தது.

மாட்டில் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள். புருசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். சினை மாட்டின் கருப்பையில் பெருகி, பெரும்பாலும் ஐந்து மாதத்துக்குப் பிறகு கருவைக் கலைத்துவிடும். வெளியே வரும் கன்று, கொடி, நீர் எல்லாவற்றிலும் கிருமி ஏராளமாக இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், மனிதருக்குத் தொற்றிவிடும். கண்ணில் தெறித்தாலும், கழுவும்போது மூச்சில் போனாலும் தொற்றும்.

இந்தக் கிருமியின் குடும்பத்தை முதலில் கண்டுபிடித்த கதையைப் படித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். 1887-இல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் அதைப் பிரித்தெடுத்தார். ஆட்டுப்பால் வழியாகத்தான் வருகிறது என்று 1905-இல் காட்டியவர் அந்த ஊர் மருத்துவர் தெமிஸ்டக்லிஸ் ஸாமிட். 1906-இல் படைமுகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், சிப்பாய்களுக்குக் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. மால்டாவின் சாதாரண மக்களோ அதே பாலைக் குடித்து அதே காய்ச்சலில் கிடந்தார்கள். அங்கே பாலைப் பாஸ்டர் முறையில் காய்ச்சி விற்கத் தொடங்கியது 1938-இல். காரணம் தெரிந்து முப்பது வருடத்துக்கு மேல்!

நம் நாட்டுக்கு வருவோம். 2019-இல் ஒன்றிய அரசு கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் எதிராகத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய். 4 முதல் 8 மாதம் வரையுள்ள பெண் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை புருசெல்லா தடுப்பூசி. இது நல்ல திட்டம். மாட்டில் நோய் குறைந்தால் மாட்டைத் தொடுகிறவருக்கும் குறையும், அதை மறுக்க முடியாது. அந்தத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி தவறிக் கையில் குத்தினால் நோய் வரலாம் என்பதால், போடுகிறவர் கையுறையும் கண் காப்பும் அணிய வேண்டும் என்கிறார்கள். சரிதான். அதே கிருமி கோடிக்கணக்கில் கிடக்கும் கொடியை வெறுங்கையால் இழுக்கும் அக்காவுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுக்க வேண்டும் என்று நாங்கள் போன எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றவில்லை.

கால்நடை அறிவியல் இந்த நோயால் பால் எவ்வளவு குறைகிறது, எத்தனை கன்று போகிறது, மறுசினை எவ்வளவு தள்ளிப்போகிறது என்று துல்லியமாகக் கணக்குப் போடுகிறது. மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. நாங்கள் தேடிப் படித்தவற்றில் ரத்தம் எடுத்தது பெரும்பாலும் கால்நடை மருத்துவர்கள், உதவியாளர்கள், இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள், மாடு வைத்திருப்பவர்களிடம். மாடு இல்லாமல் மாட்டு வேலை மட்டும் செய்கிறவர் இதில் எந்தக் கட்டத்தில் வருவார்? சாதி என்ற கட்டமும் அந்தப் படிவங்களில் இல்லை. இன்னொன்று, நோயைப் பற்றிய எச்சரிக்கை எல்லாம் 'பச்சைப்பால் குடிக்காதீர்கள்' என்பதிலேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் யார் வீட்டில் பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறார்கள்? காய்ச்சினால் கிருமி செத்துவிடும், குடிக்கிறவர் தப்பித்துக்கொள்வார். இங்கே ஆபத்து தொடுகிறவருக்குத்தான். தொடுகிற வேலை யாருக்கு என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது.

செத்த மாட்டைப் பற்றி நம் இயக்கம் நிறையப் பேசியிருக்கிறது. 2016-இல் ஊனாவில் மாட்டுத்தோல் உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்த பிறகு, செத்த மாட்டை இனித் தூக்க மாட்டோம் என்று குஜராத் தலித்துகள் எழுந்ததை நாம் கொண்டாடினோம். உயிரோடு நிற்கும் மாட்டின் கட்டுத்தறியைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. அது வீட்டுக்குள் நடக்கும் வேலை, பெண்கள் செய்யும் வேலை, படம் பிடிக்க யாரும் வருவதில்லை. விலங்குகளையும் அவற்றின் உடல்களையும் கையாளுவதால் வரும் தொற்றை, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்நோயாகவே ஏற்றது. ஆனால் பழைய சோற்றுக்கும் மாதம் கொஞ்சம் பணத்துக்கும் சாணி அள்ளுகிறவர், தான் ஒருவரிடம் வேலை செய்தேன் என்று எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்?

கால்நடை அறிவியலோ சமூகப்பணியோ படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு ஆய்வுத் தலைப்பு இங்கே சும்மா கிடக்கிறது. ஓர் ஊரில் கன்று வீசிய மாடுகளைக் கணக்கெடுங்கள், ஒவ்வொன்றிலும் கொடியைத் தொட்டது யார் என்று எழுதுங்கள். ரோஸ் பெங்கால் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும், செலவும் குறைவு. களத்தில் இருப்பவர்கள், காலனியில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், மாட்டு வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் புருசெல்லா சோதனை கேளுங்கள். கர்ப்பிணிகளை அந்த வேலைக்கு விடவே கூடாது, இந்தக் கிருமி அவர்களுக்கும் கருவைக் கலைக்கலாம்.

அந்த அக்கா ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். அந்த மாடு சந்தைக்குப் போய்விட்டது. நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று வீசும், அடுத்த ஈற்று சரியாக ஈன்றாலும் கிருமியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பார்வைக்கு நல்ல மாடு, விலையும் குறைவு. கடன் வாங்கி முதல் மாடு பிடிக்கப் போகும் யாரோ ஒருவர்தான் வாங்கியிருக்க வேண்டும். தரகரைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.