அவர் ஓய்வு பெற்றார், இவள் நின்றுவிட்டாள்

2019 ஆகஸ்ட் கடைசி வாரம். கல்லூரி ஆசிரியர் அறையில், செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படிக்கிற சகபேராசிரியர் ஒருவர், அமெரிக்காவில் ஆண்ட்ரூ லக் என்கிற ஃபுட்பால் வீரர் 29 வயதிலேயே ஓய்வு அறிவித்துவிட்டதைத் துக்கச் செய்திபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நம்முடைய கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். காயம், மருத்துவம், மறுபடியும் காயம் என்று சில ஆண்டுகள் கழிந்தபின் அந்த மனிதர் போதும் என்று விலகிவிட்டார். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி அவரிடமிருந்து திரும்பக் கேட்டிருக்கக்கூடிய தொகை 24.8 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 175 கோடி ரூபாய். அணி அதைக் கேட்கவில்லை. “எவ்வளவு பெருந்தன்மை பாருங்க மேடம்” என்றார் அவர்.

அந்த வாரம் என் இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. அதற்கு முந்தைய வாரமும் வரவில்லை. எங்கள் ஆலங்குளத்துப் பெண். பல்கலைக்கழக அணியில் இடதுபக்கம் ஆடியவள். அவள் ஓடும்போது மைதானத்துச் செம்மண் குதிகாலுக்குப் பின்னால் எழும்பி நிற்கும். வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெடிக்குக் குழல் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“அவ நின்னுட்டா டீச்சர்.”

“படிப்பையா, பந்தையா?”

“ரெண்டுந்தான். இந்த ஆவணிக்குள்ள முடிச்சுரணும்னு மாப்ள வீட்ல சொல்லிட்டாக.”

இரண்டு பேரும் ஆட்டத்தை விட்டவர்கள். அவருக்கு வயது 29, இவளுக்கு 19. அவர் ‘ஓய்வு பெற்றார்.’ இவள் ‘நின்றுவிட்டாள்.’ தமிழ் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள் என்பதால் வினைச்சொற்களில் எனக்குச் சந்தேகம் அதிகம். ஓய்வு ‘பெறுவது.’ பெறுவதற்கு முன்னால் அவனிடம் வேலை ஒன்று இருந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு தாள், தாளில் இரண்டு கையெழுத்து. நின்றுபோவதற்கு எதுவும் வேண்டாம். மாடு நிற்கும், மழை நிற்கும், கடிகாரம் நிற்கும். எங்கள் ஊரில் பெண்கள் படிப்பிலிருந்து நின்றார்கள், தீப்பெட்டி ஆபீசிலிருந்து நின்றார்கள், ஆட்டத்திலிருந்து நின்றார்கள். இவர்களில் ஒருத்தியைக்கூட யாரும் ஓய்வு பெற்றவள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த 175 கோடி எப்படி வந்தது என்று பார்க்கலாம். கொஞ்சம் கணக்குத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வோர் அணியும் வீரர்களின் சம்பளத்துக்காக ஓராண்டில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2019இல் அது 188.2 மில்லியன் டாலர். வீரர் கையெழுத்துப் போடும்போது ஒரு பெருந்தொகையை முன்பணமாக வாங்குகிறார். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 50 கோடி என்று வைத்துக்கொள்வோம். பணம் வீரர் கைக்கு வந்துவிடும். ஆனால் அணியின் உச்சவரம்புப் பேரேட்டில் அதை ஆண்டுக்குப் பத்துக் கோடியாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டாண்டு ஆடிவிட்டு அவர் விலகினால், இன்னும் எழுதாமல் இருக்கிற 30 கோடியும் அந்த ஆண்டின் பேரேட்டில் ஒட்டுமொத்தமாக விழும். ஜூன் 1க்குப் பிறகு விலகினால் ஒரு பகுதி அந்த ஆண்டிலும் மிச்சம் அடுத்த ஆண்டிலும் விழும். ஆடாத ஆளின் பெயர் வரம்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அவர்கள் அதைச் செத்த பணம் என்கிறார்கள். வீரரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கினால் அந்த அளவுக்குப் பேரேட்டில் வரவு வைத்துக்கொள்ளலாம். அதனால் திரும்பக் கேட்பதில் அணிக்கு இரட்டை லாபம். 1999இல் பேரி சாண்டர்ஸ் என்கிற வீரர் விலகியபோது டெட்ராய்ட் லயன்ஸ் அணி 5.5 மில்லியன் டாலரைத் திரும்பக் கேட்டது. வழக்கு நடுவர்வரை போனது. லக்கிடம் கேட்காமல் விட்டதை அதனால்தான் பெருந்தன்மை என்றார்கள்.

ஒரு மனிதன் ஆட்டத்தை விட்டால் அவன் விட்டுப்போகும் இடத்துக்கு இத்தனை பத்தி, இத்தனை வரி, தேதிவாரியாக. அந்தக் கணக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. அவன் போனது பதிவாகிறது என்பதை மட்டும் பாருங்கள். என் மாணவி போனது வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் வரிசையாக ‘ஆ’ என்று விழுந்தது. மூன்றாம் மாதம் அவள் பெயரின்மேல் ஒரு கோடு. கோடு போட்டவள் நான்தான்.

நம் நாட்டிலும் உச்சவரம்பு உண்டு. ஆண்களுக்கான இந்தியன் சூப்பர் லீகில் ஒரு கட்டத்தில் ஓர் அணிக்குப் பதினாறரைக் கோடி ரூபாய் என்று வைத்திருந்தார்கள். பெண்கள் லீகில் எவ்வளவு என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். அங்கே நடந்தது வேறு. 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஒவ்வொரு பெண்கள் அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளோடு ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் போட வேண்டும் என்று முடிவெடுத்தது. மாதத்துக்கு 27 ஆயிரத்துக்கும் குறைவு. ஆணுக்கு இதற்குமேல் போகாதே என்று கூரை கட்டவேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு இதற்குக்கீழ் போகாதே என்று இப்போதுதான் தரை போடுகிறார்கள். அந்தத் தரையிலும் ஒரு கல் குறைகிறது: ஆடுவது 11 பேர், உத்தரவாதம் 10 பேருக்கு.

அதற்கு முந்தைய நிலைமை இன்னும் மோசம். பெண்கள் லீக் 2016-17இல் தொடங்கியது. பல ஆண்டுகள் எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்துச் சில வாரங்களில் நடத்தி முடித்தார்கள். நம் மதுரை சேது எஃப்சி 2019 மே மாதம் லூதியானாவில் கோப்பையை வென்றது அப்படியொரு தொடரில்தான். நம்மூர்ப் பெண்கள் இந்தியாவின் சாம்பியன்கள். ஆனால் தொடர் முடிந்தால் அதோடு சரி, மிச்ச மாதங்களுக்கு அவரவர் பாடு. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்தார். அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் ஒரு ஆட்டக்காரிக்குக் கிடைக்கும் ஒரே நிரந்தர ஒப்பந்தம் காக்கி உடுப்பு என்றால், ஆட்டம் அவளுக்கு என்ன கொடுத்தது? தன்பாத் பக்கத்து சங்கீதா சோரன் கொரோனா காலத்தில் செங்கல் சூளையில் வேலை பார்த்த படம் வந்தபோது நாடே உச்சுக்கொட்டியது. அவருடைய ஒப்பந்தம் எங்கே என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சகபேராசிரியர் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். கூட்டம் வந்தால் காசு வரும், காசு வந்தால் சம்பளம் வரும், இது சந்தை மேடம் என்பார். சரி, சந்தைக்கே போவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்று ஓர் ஆலை. போருக்காகக் குண்டுகள் செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைத்தார்கள். சிவகாசிப் பக்கம் மருந்து அறைகளில் நாள்பூராவும் குனிந்திருக்கிற பெண்களைத் தெரிந்த எனக்கு, வெடிமருந்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்து ஓடிய அந்தக் கால்களை நினைத்தால் தொண்டை அடைக்கும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். கூட்டம் வந்தது, காசும் வந்தது. மறு ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டம் பெண்களுக்கு ஆகாது என்று தீர்மானம் போட்டுத் தன் உறுப்பு அணிகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. மூடிய கதவு திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறையே ஒரே நாளில் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டது. யாருடைய பேரேட்டில் அது செத்த பணமாக விழுந்தது? சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஐம்பது ஆண்டு நிலுவையைத் தீர்த்துவிட்டுப் பேசட்டும்.

அதே இங்கிலாந்தில் ஆண் ஆட்டக்காரர்களுக்கு வாரம் 20 பவுண்டுக்குமேல் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டி 1961 ஜனவரியில் அதை உடைத்தது. நம் தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டமும் 1961தான். பண்ணையாரின் நிலத்துக்கு வரம்பு வைப்பது ஒன்று, உழைக்கிறவனின் கூலிக்கு வரம்பு வைப்பது வேறொன்று. வார்த்தை ஒன்றுதான்.

இன்னொரு 1961 உண்டு: நம் மகப்பேறு நலச் சட்டம். 2017இல் திருத்தி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குமுன் ஓராண்டில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். சில வாரத் தொடருக்குக் கூப்பிட்டு அனுப்பப்படுகிற பெண் 80 நாளுக்கு எங்கே போவாள்? ஃபிஃபா 2021 ஜனவரி முதல் ஒரு விதி கொண்டுவந்தது: கர்ப்பமான தொழில்முறை வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் விடுப்பு, ஒப்பந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஐஸ்லாந்து அணித் தலைவி சாரா ப்யோர்க் குன்னர்ஸ்தோத்திர் கர்ப்பமாக இருந்தபோது அவருடைய பிரெஞ்சு அணியான லியோன் சம்பளத்தைக் குறைத்தது. அவர் வழக்குப் போட்டார். 2022இல் ஃபிஃபா தீர்ப்பாயம் 82 ஆயிரம் யூரோவுக்குமேல் கொடு என்று உத்தரவிட்டது. பிள்ளை பெற்றுவிட்டு அவர் மறுபடி ஆடினார். என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “கல்யாணம் ஆனா கேஸ் போட முடியுமா மேடம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

முன்பணம், ஒப்பந்தம், இடையில் விலகினால் திருப்பிக் கட்டு என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிதில்லை. தீபாவளி கழிந்து பட்டாசு ஆலை திறக்கும்போது அட்வான்ஸ் கொடுப்பார்கள். வாங்கியவள் அது கழியும்வரை வேறு ஆலைக்குப் போக முடியாது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததே, நினைவிருக்கிறதா? கல்யாணமாகாத பெண்பிள்ளையை மூன்றாண்டுக்கு விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார்கள். மூன்றாண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்தால் அந்தத் தொகை போச்சு. பேரி சாண்டர்ஸிடம் வாங்கிய பணத்தைத்தான் திரும்பக் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளிடம் அவர்கள் உழைத்துச் சேர்த்து, இன்னும் கைக்கே வராத பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்காவது நடுவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு சங்கம் இருந்தது. அந்த உச்சவரம்பே அந்தச் சங்கம் பேரம் பேசிக் கையெழுத்துப் போட்டதுதான். ஆகவே பெண்கள் ஒப்பந்தத்துக்குப் பழகாதவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்களைக் கட்டிப்போடுகிற தாளெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு மற்றவரைக் கட்டிப்போடுகிற தாளைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பத்துப் பேருக்கு அல்ல, அணியிலுள்ள அத்தனை பேருக்கும் முழு ஆண்டுச் சம்பளம். காயம்பட்டால் குணமாகும்வரை சம்பளம். கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெயரை அடிக்கக்கூடாது. பிள்ளை பெற்றவள் திரும்பி வந்து சோதனை ஆட்டம் ஆட ஓராண்டு அவகாசம். கல்லூரி அணிகளுக்கும் இதில் பாதியாவது. சுனில் சேத்ரி 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்று, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்பி வந்தார். வரட்டும், அருமையான ஆட்டக்காரர். அவர் திரும்பி வந்தபோது இத்தனை மாதம் வீட்டில் யார் சமைத்தார்கள் என்றோ, பிள்ளையை யாரிடம் விட்டுவருவார் என்றோ யாரும் கேட்கவில்லை. ஆண்ட்ரூ லக்கும் வேறு வழியில் ஃபுட்பாலுக்குத் திரும்பிவிட்டார். 2024 நவம்பரில் தான் படித்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிக்குப் பொது மேலாளர் ஆனார்.

என் மாணவிக்கு இப்போது ஒரு பையன். பட்டாசு ஆலை வேன் ஏழு மணிக்கு வரும். அதற்குமுன், விடியற்காலையில், பள்ளி மைதானத்தில் ஐந்தாறு பெண்கள் ஓடுகிறார்கள் என்று பால் ஊற்றும் அக்கா சொன்னார். போய்ப் பார்த்தேன். அவளும் இருந்தாள். ஆனால் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் எங்கே என்றேன். பிரசவத்துக்குப் பிறகு கால் ஒரு சைஸ் கூடிவிட்டதாம். பழையது நுழையவில்லை.