நவாபுகள் மோதினார்கள், நாடு யாருக்குப் போனது?

சூடானில் ஜெனரல் புர்ஹானும் அவருடைய பழைய கூட்டாளி ஹெமெட்டியும் 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய சண்டையைப் பற்றி நம் இளைஞர்கள் டீக்கடையில் காரசாரமாக வாதிடுகிறார்கள். ஒருவர் இந்தத் தளபதி கட்சி, இன்னொருவர் அந்தத் தளபதி கட்சி! இருவருமே முஸ்லிம்கள், இருவர் முதுகுக்குப் பின்னாலும் வெளிநாடுகள். சகோதரர்களே, இந்தக் கூத்து நமக்குப் புதிதா? விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தெரிகிறதே கரிசல் மண், அதே மண்ணில் நடந்ததுதானே இது!

ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் புதுச்சேரி டூப்ளேயின் பீரங்கி. முகம்மது அலிக்குச் சென்னைக் கும்பினியாரின் துப்பாக்கி. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போர்க்களத்தில் முகம்மது அலியின் தந்தை அன்வருத்தீன் மாண்டார். 1752-ல் தஞ்சைத் தளபதியை நம்பிச் சரணடைந்த சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது.

இதை 'முஸ்லிம் ஆட்சிக்கும் இந்துக்களுக்கும் நடந்த போர்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வடிகட்டிய பொய்! முகம்மது அலிக்காகத் திருச்சிக்குப் படை கொண்டு வந்தவர்கள் மைசூர் நஞ்சராஜரும் தஞ்சை மன்னரும். திருச்சியையே தருவதாகச் சொல்லி, காரியம் முடிந்ததும் நவாப் கையை விரித்தார். உடனே நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். இதில் மதம் எங்கே வந்தது?

நம் பக்கத்துக் கதை இன்னும் கேவலம். மதுரையை 1751-ல் ஆலம் கான் பிடித்தார். அவருக்குப் பிறகு மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்று மூன்று பட்டாணியத் தளபதிகள் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆளுக்கொரு துண்டாக வைத்துக் கொண்டார்கள். 1755-ல் வரி வசூலிக்க வெள்ளைக்காரக் கர்னல் ஹெரான் வந்தான். கூடவே வந்தவர் யார்? நவாபின் சொந்த அண்ணன் மாபூஸ்கான்! வசூல் குத்தகையை வாங்கிய அந்த அண்ணனே பிறகு தம்பிக்கு எதிராகத் திரும்பி, நெற்கட்டும்செவல் பூலித்தேவருடன் சேர்ந்து நின்றார். அவர்களை அடக்கக் கும்பினி அனுப்பியது யூசுப்கானை. பாளையங்களை ஒடுக்கி முடித்த யூசுப்கான் ஒருநாள் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றபோது, ஆதரவுக்கு வர எந்தப் பாளையம் மிஞ்சியிருந்தது? சொந்த ஆட்களே காட்டிக் கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கில் தொங்கினார். அவருடைய வீரத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீரம் அதுவரை யாருக்கு உழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவர்கள் படத்தைப் போட்டுக் காலண்டர் அடிக்கச் சிவகாசிக்கு ஆர்டர் கொடுக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்!

வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு. கடைக்காக அண்ணன் தம்பி சண்டை போட்டு, வழக்குச் செலவுக்கு ஒரே வட்டிக்காரனிடம் கை நீட்டினால் கடை யாருக்கு? முகம்மது அலி வென்றார், பட்டம் கட்டினார். ஆனால் படைச்செலவு முழுவதும் அவர் தலையில் கடனாக ஏறியது. பால் பென்ஃபீல்டு போன்ற கும்பினி ஊழியர்களே அவருக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்தார்கள். ஆற்காட்டு நவாபின் கடன் என்றால் லண்டன் பாராளுமன்றமே நாறியது. 1785-ல் எட்மண்ட் பர்க் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டது என்ன? நம் விவசாயி கட்டிய தீர்வை!

1801 ஜூலை 31 அன்று அந்தக் கடையும் கை மாறியது. கர்நாடகம் முழுவதும் கும்பினிக்கு. நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு உபகாரச் சம்பளம். தலை போன சந்தா சாகிபும் சரி, பட்டம் கட்டிய முகம்மது அலியும் சரி, யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த முறை எவராவது மேடையேறி அந்தப் போருக்கு மதச்சாயம் பூசினால், எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாபூஸ்கான் யார் பக்கம் நின்றார் ஐயா?