‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ மட்டும் போதுமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் இருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அரசு நல விடுதி, 2004-ல் தொடங்கப்பட்ட கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளி, தனியார் பள்ளி விடுதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். அங்கே பிள்ளைகள் கையில் பெரும்பாலும் செல்போன் இருக்காது. விடுமுறை நாளில் வரிசையில் நின்று, வார்டன் போனில் சில நிமிடம் பேச வேண்டும்.

அந்தச் சில நிமிடமும் இப்படித்தான் போகும்.

“சாப்பிட்டியா பாப்பா?”

“சாப்பிட்டேம்மா. அப்பாயி எப்படி இருக்கு?”

“எல்லாரும் நல்லா இருக்கோம். நீ வீட்டைப் பத்தி நினைக்காம படி.”

அம்மாவின் எண்ணம் நல்லதுதான். பிள்ளை கவலைப்படக் கூடாது, படிப்பு கெடக் கூடாது. ஆனால், அம்மாவின் குரல் கம்மியிருப்பது மகளுக்குத் தெரியாதா? விவரம் தெரியாத பிள்ளை, நடந்ததைவிடப் பெரிதாகவே கற்பனை செய்துகொள்ளும்.

இவர்கள் வீட்டுக் கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவர்களும் இல்லை. லீவு நாளில் பருத்தி எடுத்த கை, சின்ன வெங்காயத்தில் தாள் அறுத்த கை. 2018-ல் இந்தப் பக்கத்து மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து பல வீடுகளில் போட்ட முதலே போனது. அப்படி ஒரு வருஷத்தில் அப்பா பார்க்க வரவில்லை என்றால், பஸ்ஸுக்குக் காசில்லையா, தன் மேல் கோபமா என்று மகள் குழம்புவாள். “சோளம் போயிடுச்சு. கூட்டுறவு சங்கத்துல கேட்டிருக்கோம். உன் பீஸுக்கு வழி பண்ணிடுவோம்” என்று சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

நடந்தது என்ன, பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். “அப்பாயிக்கு முட்டி வீங்கிப் போச்சு. அரியலூர் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போனோம், மாத்திரை குடுத்திருக்காங்க” என்றால் போதும். ஆடு குட்டி போட்டதையும், முந்திரி பூத்ததையும், தம்பி பல் விழுந்ததையும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் தன் இடம் அப்படியே இருக்கிறது என்று மகளுக்குச் சொல்வது இந்தச் சின்னச் சேதிகள்தான். போனில் நேரம் போதாவிட்டால் கடிதம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத வராவிட்டால் தம்பி எழுதட்டும். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பத்து முறை படிக்கலாம்.

வீட்டில் ஒரு சாவு என்றால், பரீட்சையைக் காரணம் காட்டி மறைப்பவர்கள் உண்டு. அதே ஊர்ப் பிள்ளை ஒன்று வந்து சொல்லித் தெரிந்துகொள்வதைப் போல் கொடுமை வேறில்லை. வார்டனிடமோ வகுப்பு டீச்சரிடமோ முதலில் பேசி, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அம்மாவே சொல்வது நல்லது.

எந்தக் காரணத்துக்காகவும் மறைக்கக் கூடாத சேதி, கல்யாணப் பேச்சு. லீவுக்கு வந்த பிறகுதான் ‘பெண் பார்க்க வருகிறார்கள்’ என்று சில பிள்ளைகளுக்குத் தெரிகிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ம் வருடச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர்கள் நெருக்கினால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அம்மாவும் பேசலாம், மகளும் பேசலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால், 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. எப்போதும் ‘நல்லா இருக்கோம்’ என்றே சொல்லும் வீட்டுக்கு, பிள்ளையும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் சொல்லும். மூன்று நாள் காய்ச்சல் என்றாலும், கூடப் படிப்பவர்கள் ஒதுக்கினாலும், யாரோ தப்பாக நடந்துகொண்டாலும் அதே பதில்தான் வரும். அம்மா வீட்டுக் கஷ்டத்தை மறைக்காமல் சொன்னால், தன் கஷ்டத்தையும் இவளிடம் சொல்லலாம் என்ற தைரியம் மகளுக்கு வரும்.